42.8 பிறந்த கதை

ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணி ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் நெல்லும் வாழையும் கொஞ்ச தூரம் கூட வரும். 1873-ல் கட்டி முடித்த அணைக்கட்டின் தென்கால் பாயும் வரைக்கும்தான் அந்தப் பச்சை. நாசரேத், சாத்தான்குளம் என்று போகப் போக மண் சிவந்து தேரியாகிவிடும். அப்புறம் உடன்குடி, குலசேகரன்பட்டினம் கடற்கரை வரைக்கும் பனைதான். மாசி, பங்குனி பிறந்துவிட்டால் இந்தச் சாலையோரங்களில் பதனி கிடைக்கும். ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றி, நுங்கையும் கீறிப் போட்டுத் தருவார்கள். அதே சாலைகளில் சற்று ஒதுங்கினாற்போல அரசு மதுக்கடைகளும் உண்டு. அங்கே விற்கிற விஸ்கி, பிராந்தி, ரம் எதை வேண்டுமானாலும் எடுத்து லேபிளைப் பாருங்கள். நிறம் வேறு, பெயர் வேறு, விலை வேறு. ஓர் எண் மட்டும் பெரும்பாலும் மாறாது: 42.8% வி/வி. அதாவது 100 மில்லியில் 42.8 மில்லி ஆல்கஹால். பக்கத்திலேயே 75 டிகிரி புரூஃப் என்றோ 25 யு.பி. என்றோ சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

நாற்பது என்று வைத்திருக்கலாம். நாற்பத்தைந்து என்று வைத்திருக்கலாம். புள்ளி எட்டு எங்கிருந்து வந்தது? குடிப்பவர் யாரும் கேட்டு வைத்த கணக்கில்லை இது. காய்ச்சி வடிக்கிறவர் ருசி பார்த்துத் தேர்ந்த அளவும் இல்லை. இந்த எண்ணின் பிறப்பைத் தேடிப் போனால் வெடிமருந்து, ஒரு பித்தளைக் கருவி, தண்ணீர் கலந்து விற்ற கடைக்காரர்கள், அவர்களுக்காகப் போட்ட ஒரு சட்டம் என்று வரிசையாக வரும்.

முதலில் தீ. சாராயத்தின் வீரியத்தை அறியப் பழைய இங்கிலாந்தில் வெடிமருந்தை அதில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. சாராயம் எரிந்து முடிந்ததும் மருந்தும் பற்றிக்கொண்டால் சரக்கு தேறியது. தண்ணீர் மிஞ்சியிருந்தால் மருந்து நமுத்துப் பிசுபிசுத்துவிடும். தேறியது புரூஃப். அதற்கு மேலே போனால் ஓவர் புரூஃப், கீழே நின்றால் அண்டர் புரூஃப். நம் பாட்டிலில் இருக்கும் யு.பி. இந்த அண்டர் புரூஃபின் சுருக்கம்தான். நம் ஊர்களிலும் இதே மாதிரி சோதனை உண்டு. வடித்த சாராயத்தில் கொஞ்சம் எடுத்துத் தீக்குச்சியைக் கிட்டே காட்டுவார்கள். நீலமாகப் பற்றினால் நல்ல சரக்கு என்று பேர்.

ஆனால் தீ சொல்லும் தீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சாராயத்தின் ஆவி சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும். அதில் பாதி, 20 விழுக்காடுதான் இருக்கிறது என்றாலும் 36 டிகிரியில் பற்றும். லண்டன் குளிரில் எரியாத அதே சரக்கு, சித்திரை வெயிலில் ஸ்ரீவைகுண்டத்தில் வைத்தால் எரியும். தாமிரபரணிக் கரையில் தீக்குச்சி காட்டி வீரியம் பார்த்தவர் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்ததைக்கூட நல்ல சரக்கென்று நம்பியிருக்கக்கூடும். வரி போடுகிற அரசுக்கு இப்படி ஆடுகிற அளவுகோல் ஆகாது. வரி விழுவது பீப்பாய்க்கு அல்ல, பீப்பாய்க்குள் இருக்கும் ஆல்கஹாலுக்கு. அது எவ்வளவு என்று வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி சொல்லியாக வேண்டும்.

அதற்குத்தான் மிதவைக் கருவி. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ஆல்கஹால் கூடக் கூட மிதவை ஆழமாக முங்கும். பால் சொசைட்டியில் பாலில் தண்ணீர் பார்க்கப் போடுகிற பால்மானியும் இதே இனத்துப் பிள்ளைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் கிளார்க் என்பவர் செய்த கருவி இங்கிலாந்தில் புழங்கியது. அதில் குறைகள் மிகுதி என்று அரசு வேறொன்று தேடியபோது, பார்த்தலோமியூ சைக்ஸ் என்ற ஆயத்தீர்வை அதிகாரி செய்த கருவி தேறியது. 1816-ல் நாடாளுமன்றம் அதைச் சட்டப்படியான கருவியாக்கியது.

சைக்ஸின் கருவி கைக்கு அடக்கமானது. பித்தளைக் குமிழ் ஒன்று, அதன் மேலே 0 முதல் 10 வரை கோடு போட்ட மெல்லிய தண்டு. கீழே மாட்டுவதற்கு 10, 20, 30 என்று 90 வரை எண் பொறித்த ஒன்பது எடைகள். கூடவே ஒரு வெப்பமானி. எல்லாம் வெல்வெட் வைத்த மரப்பெட்டிக்குள் படுத்திருக்கும். அதிகாரி உயரமான கண்ணாடிக் குவளையில் சரக்கை ஊற்றி முதலில் சூட்டைக் குறித்துக்கொள்வார். பிறகு எடையை மாற்றி மாற்றி மாட்டி, தண்டு பாதி முங்கி நிற்கிற நிலைக்குக் கொண்டுவருவார். தண்டில் தெரியும் கோட்டையும் மாட்டிய எடையின் எண்ணையும் கூட்டினால் ஒரு தொகை வரும். அந்தத் தொகையோடு அட்டவணைப் புத்தகத்தில் அன்றைய சூட்டுக்குரிய பக்கத்தைத் திறந்தால், சரக்கு புரூஃபுக்கு எத்தனை டிகிரி மேலே, எத்தனை டிகிரி கீழே என்று இருக்கும். சூடு ஏற ஏறச் சாராயம் விரிந்து லேசாகி, இருப்பதைவிட வீரியமாகக் காட்டும். அதனால்தான் அட்டவணை. புரூஃப் என்ற நிலைக்கே சட்டம் சொன்ன இலக்கணம் இது: 51 டிகிரி பாரன்ஹீட்டில், அதே அளவு தண்ணீரின் எடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு எடை இருக்கும் சாராயம். 51 டிகிரி பாரன்ஹீட் என்றால் நமக்குப் பத்தரை டிகிரி செல்சியஸ். தாமிரபரணிச் சமவெளியின் மார்கழி விடியலும் அந்தக் குளிரைத் தொடுவதில்லை.

அந்த இலக்கணப்படி புரூஃப் சாராயத்தில் இருக்கும் ஆல்கஹால் 57.15 விழுக்காடு பக்கம். ஏழில் நான்கு பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதை 100 டிகிரி என்று வைத்தால் 75 டிகிரிக்கு எவ்வளவு? 57.15-ஐ முக்காலால் பெருக்கினால் 42.86. பின்னத்தை வெட்டினால் 42.8. புள்ளி எட்டு வந்த வழி இது.

ஆனால் ஏன் 75? இந்த இடத்தில்தான் கதையின் கரு இருக்கிறது. மதுக்கடைக்காரர்கள் தண்ணீர் கலந்து விற்பது எந்தக் காலத்திலும் உள்ளதுதான். இங்கிலாந்தில் கலப்படத் தடைச் சட்டம் வந்ததும், எவ்வளவு தண்ணீர் வரை வியாபாரம், எதற்கு மேல் மோசடி என்ற சண்டை நீதிமன்றம் ஏறியது. கொஞ்சம் தண்ணீர் சேர்க்காமல் யாரும் சாராயத்தை விற்பதுமில்லை, குடிப்பதுமில்லை. 1879-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எல்லை போட்டார்கள். பிராந்தி, விஸ்கி, ரம் மூன்றும் புரூஃபுக்குக் கீழே 25 டிகிரி வரை இறங்கலாம். ஜின் 35 டிகிரி வரை. அதற்குள் இருந்தால் தண்ணீர் கலந்தது குற்றமில்லை.

ஆக 42.8 என்பது கடைக்காரர் கலக்கும் தண்ணீருக்குப் போட்ட கரை. நல்ல விஸ்கி எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. இதற்கு மேல் தண்ணீர் ஊற்றாதே என்று மட்டும் சொன்னது. இதை அறிந்த பிறகு லேபிளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. தரத்தின் முத்திரை போல நாம் நினைத்துக்கொண்டிருக்கும் எண், தண்ணீர்த் தகராறில் பிறந்த பிள்ளை.

பிறந்த ஊரில் அது நீடிக்கவும் இல்லை. முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்று பிரிட்டிஷ் அரசு மதுவின் வீரியத்தைக் குறைக்கச் சொன்னது. 25-ல் நின்ற சரக்கு 30 யு.பி.க்கு இறங்கியது. 70 டிகிரி புரூஃப், அதாவது 40 விழுக்காடு. போர் முடிந்த பிறகும் அது பழைய இடத்துக்கு ஏறவில்லை. இன்று ஸ்காட்லாந்து விஸ்கியின் சாதாரணப் பாட்டில்களில் 40 என்றிருப்பது அந்தப் போரின் தடம். இந்தியாவிலோ ஆயத்தீர்வை விதிகளுக்குள் வந்து உட்கார்ந்த 25 யு.பி. அசையாமல் இருந்துவிட்டது.

அது வந்து உட்கார்ந்த காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? சென்னை மாகாணத்தின் ஆப்காரிச் சட்டம், அதாவது மது வரிச் சட்டம், 1886-ல் வந்தது. காய்ச்சி வடிக்கும் தொழில் ஊர் ஊராக இருந்த அடுப்புகளிலிருந்து பெரிய ஆலைகளுக்குப் போனது. கள்ளுக்கு மரக்கணக்கில் வரி. சீவுகிற மரத்துக்கு எண் போட்டார்கள். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரையும் சாராயமும் செய்த பாரி கம்பெனியின் ஆலைகள் 1897-ல் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் ஃபேக்டரீஸ் என்ற பெயரில் கம்பெனியாயின. இன்றைக்கும் இ.ஐ.டி. பாரி என்ற பெயரில் முன்னே நிற்கும் மூன்றெழுத்து அந்த ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்தான். இதே கம்பெனி குலசேகரன்பட்டினத்தில் பனைச் சர்க்கரைக்காக ஓர் ஆலை வைத்தது. 1910-களில் திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டுக் குட்டி ரயிலும் விட்டது. 1940-ல் அதை நிறுத்திவிட்டார்கள். தேரிப் பனையின் சாறு ரயிலேறிய காலம் அது.

பனைக்கோ சொந்தமாக ஓர் அளவுகோல் இருந்தது. அதற்குப் பித்தளையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். சுண்ணாம்பும் நேரமும் போதும். பாளையைக் கடிப்பால் இடுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டுகிற சாற்றில் சுமார் 12 விழுக்காடு சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் நொதி உயிர்கள் அந்த நிமிஷமே வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அவற்றுக்கு வேலை இல்லை. விடியலில் இறக்கும்போது பதநீர். தடவாவிட்டால் கள். இறக்கிய கையோடு அது இனிப்பும் லேசான கிறுகிறுப்புமாக இருக்கும். மத்தியானத்துக்குள் நுரை கட்டும். மாலைக்குள் புளிப்பு ஏறும். ஒரு நாள் கழிந்தால் ஆல்கஹால் ஐந்து விழுக்காட்டுப் பக்கம் வந்து, பிறகு காடியாகப் போகும். பனையேறிகளும் கள் குடித்த தலைமுறையும் வீரியத்தை மணிக்கணக்கில் சொன்னார்கள்: காலைக் கள், மாலைக் கள், புளித்த கள். ஒவ்வொன்றுக்கும் மணம் வேறு, ருசி வேறு, ஆள் வேறு.

இந்த அளவுகோலில் வீரியமும் ருசியும் ஒன்றாகவே ஏறி இறங்கும். சுண்ணாம்பு கூடினால் பதநீர் நாக்கில் காரும். விடிலியில் காய்ச்சும்போது கருப்பட்டியின் நிறமும் மாறும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் முறுகி, கூப்பனி என்ற பாகுப் பதம் வந்தாலும் கட்டியாகாமல் சண்டித்தனம் செய்யும். தேரிக்காட்டுக் கருப்பட்டிக்கு என்றே ஒரு ருசி உண்டு. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்காகத்தான். ஆனால் அந்தச் சாற்றைப் புளிக்கவைத்து வடித்து, பெயர் போட்டு, வருஷம் போட்டு விற்கும் வழியை நம் பனை பார்க்கவே இல்லை.

வழி கிடைத்தவர்களைப் பார்த்தால் இது புரியும். அமெரிக்காவின் ரை விஸ்கியை எடுத்துக்கொள்வோம். ரை கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுத் தானியம். மிளகும் பட்டையும் சேர்ந்தாற்போல ஒரு காரம் அதற்கு. ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கியதும் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1797-ல் தொடங்கிய வடிசாலையில் பெரும்பகுதி ரையைத்தான் வடித்தார்கள். இன்றைய அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி என்று பெயர் போட தானியத்தில் 51 விழுக்காடாவது ரை இருக்க வேண்டும். உட்புறம் கரியாக்கிய புது ஓக் பீப்பாயில் இருந்து வர வேண்டும். பீப்பாய்க்குள் போகும்போது 125 புரூஃபைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் 80-க்குக் குறையக் கூடாது. இந்தப் புரூஃப் லண்டன் புரூஃப் அல்ல. அமெரிக்கர்கள் கணக்கை லேசாக்கிக்கொண்டார்கள். ஆல்கஹால் விழுக்காட்டின் இரு மடங்கு அவர்கள் புரூஃப். அவர்களுடைய 100 நம் 50 விழுக்காடு. லண்டன் கணக்கில் ஏறக்குறைய 87.5 டிகிரி. நம் 42.8 அங்கே போனால் 85.6.

இந்த 100 என்ற எண்ணுக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. 1897-ல் பாட்டில்ட் இன் பாண்ட் சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்தது. நான்கு வருஷமாவது அரசுப் பூட்டுப் போட்ட கிடங்கில் கிடந்தது. 100 புரூஃபில் பாட்டிலானது. இத்தனையும் இருந்தால்தான் அந்தப் பெயர். புகையிலைச் சாறும் கண்ட கண்ட சாயமும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில், வாங்குகிறவருக்கு உறுதி சொல்லப் பிறந்த எண் அது. பதினெட்டு வருஷ இடைவெளியில் பிறந்தவை இந்த இரண்டு எண்களும். ஒன்று தண்ணீருக்கு மட்டும் கரை போட்டது. மற்றது எங்கே, எப்போது, எப்படி என்ற கேள்விகளுக்கும் பதில் சொன்னது.

அதனால்தான் ரை விஸ்கி குடிப்பவர்கள் ஒரே வடிசாலையின் 80, 90, 100 புரூஃப் சரக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்க முடிகிறது. தண்ணீர் கூடும்போது மணமும் மாறும். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் கணினியில் இதை ஆராய்ந்தார்கள். புகை மணத்துக்குக் காரணமான குவயாகோல் என்ற பொருள், ஆல்கஹால் 45 விழுக்காடு வரை இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே நிற்கிறது. ஆல்கஹால் 59 விழுக்காட்டுக்கு மேல் போனால் உள்ளே அமுங்கிவிடுகிறது. மேலே நின்றால்தான் மூக்குக்கு எட்டும். ஆக, எண் மாறினால் ருசியும் மாறும் என்பது உண்மை. ஆனால் மாறுவதற்கு ஒரு ருசி முதலில் இருக்க வேண்டும்.

நம் கடைகளில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த, மணம் குணம் எல்லாம் நீக்கிய ஸ்பிரிட். அதில் கொஞ்சம் மால்ட், கொஞ்சம் வாசனை, கருக்கிய சர்க்கரை நிறம் சேர்த்து 42.8-க்கு இறக்குகிறார்கள். ஐரோப்பாவில் அதற்கு விஸ்கி என்று பெயர் வைக்க அனுமதி இல்லை. தானியத்தில் வடிக்கும் இந்தியர்கள் இல்லாமல் இல்லை. 2004-ல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்திய பெங்களூர் அம்ருத் பிற்பாடு முளைகட்டிய ரையிலேயே ஒரு விஸ்கி செய்திருக்கிறது. ஆனால் சாத்தான்குளம் கடையில் குவார்ட்டர் வாங்குகிறவர் கைக்கு வருவது அதுவல்ல. அவர் கையில் இருப்பது 180 மில்லி. அதில் 77 மில்லி ஆல்கஹால், புரூஃப் கணக்கில் 0.135 லிட்டர். பின்னத்தில் இருக்கும் இந்தக் கணக்கு அரசுக்குத் தேவை. தமிழ்நாட்டில் ஆயத்தீர்வை இன்னும் புரூஃப் லிட்டரில்தான் போடப்படுகிறது. 750 மில்லி பாட்டில் பன்னிரண்டு கொண்ட ஒரு பெட்டி 9 லிட்டர். 75 டிகிரியில் 6.75 புரூஃப் லிட்டர். சைக்ஸின் பித்தளைக் குமிழ் பிறந்த நாட்டில் 1980 ஜனவரி 1-ல் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி, நேரடி விழுக்காட்டுக்கு இடம்விட்டது. அதன் கணக்கு இங்கே இன்னும் ரசீதில் ஓடுகிறது.

இந்த எண் சொல்லாத ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. மிதவைக் கருவி பார்ப்பது அடர்த்தியை மட்டும். குடிக்கும் எத்தனாலும் கொல்லும் மெத்தனாலும் அடர்த்தியில் அண்ணன் தம்பிகள். கருவிக்கு இரண்டும் ஒன்றே. தீக்குச்சிக்கும் ஒன்றே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிகிறதா, தொண்டையில் காரமாக இறங்குகிறதா என்று பார்த்து வீரியத்தை மட்டுமே நம்புகிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பனைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுதும் பரவியது. 1971-ல் கலைஞர் தளர்த்தினார். சில வருஷத்தில் திரும்பவும் மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் மொத்த விற்பனைக்கென்று அரசின் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை, 42.8 பாட்டிலுக்குத் தடை இல்லை. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. மாநில மரம் என்று 1978-ல் பெருமை பெற்ற பனையின் கலயத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் வழக்கு. ஐந்து விழுக்காட்டுக் கள் குற்றமாகவும் நாற்பத்திரண்டு விழுக்காட்டுச் சரக்கு வருமானமாகவும் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குடி வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பனையேறிக் குடும்பங்கள் பிழைப்புத் தேடித் தேரியை விட்டுப் போவதை இந்தப் பக்கத்தில் யாரும் பார்க்கலாம்.

வேறு ஊர்களில் இப்படி நடக்கவில்லை. கோவாவின் முந்திரிப்பழ ஃபென்னிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் அதை மாநிலத்தின் பாரம்பரிய மதுவாக அறிவித்தார்கள். அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பதும் 42.8-தான். ஆனால் முந்திரிப்பழத்தின் வாடை மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம் வடமராட்சியின் திக்கத்தில் பனங்கள்ளை வடிப்பதற்கென்றே ஒரு வடிசாலை உண்டு. சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களை ஒட்டி வளர்ந்தது அது. நம் தேரியில் நிற்கும் அதே மரம்தான். அங்கே அந்தச் சாற்றுக்குப் பனஞ்சாராயம் என்ற பெயரோடு பாட்டிலும் இருக்கிறது.

42.8-ஐ இனிச் சட்டம் கட்டிப்போட்டிருக்கவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிகள் வடித்த மதுவுக்கு 36 முதல் 50 விழுக்காடு வரை இடம் கொடுக்கின்றன. பழக்கமும் புரூஃப் லிட்டர் கணக்கும் சேர்ந்து பழைய எண்ணையே பிடித்துவைத்திருக்கின்றன. எண் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இன்னொரு வரி வேண்டும்: எதிலிருந்து வடித்தது. கழிவுப்பாகு என்றால் கழிவுப்பாகு, தானியம் என்றால் எந்தத் தானியம். பனைக்கு என்றைக்காவது அனுமதி கிடைத்தால், அந்த வரியில் மரத்தின் பெயரோடு உடன்குடி, திசையன்விளை என்று ஊர்ப் பெயரும் வர வேண்டும்.